கேன்டீன் வரிசையை எண்ணிய செங்கமலம்

காலேஜ் கம்ப்யூட்டர் லேப்பைக் கூட்டுகிற செங்கமலம் ஓரமாய் நின்று பாடம் கேட்பது பேராசிரியர் தணிகாசலத்துக்கு ஆகவே ஆகாது.

"ஃபங்ஷனல் புரோகிராமிங் பாடமா கேக்குறே? அதுல சொல்றபடி, ஒரு தடவை சொன்ன எண்ணை மாத்தாம, லூப் போடாம, அதாவது ஒரே ஆளு ஒவ்வொருத்தரா எண்ணிக்கிட்டே போகாம, அந்த கேன்டீன் வரிசையை எண்ணு பாப்போம். முடியலேன்னா வகுப்புப் பக்கமே வரக்கூடாது. முதல்ல லூப் போடுற என் முறையைப் பாரு!"

அவர் நடந்தபடி எண்ணினார். இருபத்தாறில் ஒருவன் "வணக்கம் சார்" என்றான். எண்ணிக்கை மறந்தே போச்சு.

செங்கமலம் வரிசையின் முதல் ஆளிடம் போனாள். "தம்பி, 'உன்கிட்ட இருந்து கடைசி வரைக்கும் எத்தனை பேர்?'னு பின்னாடி நிக்கிறவனைக் கேளு. வர்ற பதிலோட ஒண்ணு கூட்டிச் சொல்லு. எல்லாரும் அப்படியே செய்யுங்க."

கேள்வி வால்வரைக்கும் போனது. கடைசி ஆள் "ஒண்ணு" என்றான். அவனுக்கு முன்னால் நின்றவன் "ரெண்டு" என்றான். அப்படியே பதில் ஏறி வந்து, முதல் ஆள் "நாப்பத்தொண்ணு!" என்று கத்தினான்.

"யாரும் சொன்ன எண்ணை மாத்தலீங்க ஐயா, லூப்பும் போடலீங்க. நாளைக்கு வகுப்புக்கு வரலாமா?"

"வா. ஆனா நான் எண்ணும்போது மட்டும் வணக்கம் சொல்லிடாதே."