மாடு படுத்த மேடு

இது உங்க மாமா ஊரு உண்டான கதை, தப்பாச் சொல்லிருவேனோன்னு பயமா இருக்கு கண்ணு. கண்மாய் கிழக்க, ஓடை மேக்க. மாத்திச் சொன்னேன்னா உங்க மாமா நாளைக்கு என்னை உண்டு இல்லைன்னு பண்ணிருவாரு. சரி, போர்வைய இழுத்துக்கோ. காலு வெளிய தெரியுது பாரு, கொசு கடிக்கும்.

ஒரு ஊர்ல... இல்ல, அப்போ ஊரே கிடையாது. ஒரு பொட்டக்காட்டுல ஒரு இருளாயி. அவ புருசன் வெயிலான். கைப்புள்ள ஒண்ணு, செவலைப் பசு ஒண்ணு. பழைய ஊர்ல கிணறு வத்திப்போய், நாலஞ்சு குடும்பமா நடந்தே வந்தாங்க. ம் சொல்லு.

"ம்."

அப்பெல்லாம் குடிசைக்கு இடம் எப்படிப் பாப்பாங்க தெரியுமா? பசுவ அவுத்து விடுவாங்க. அது எங்க படுத்து அசைபோடுதோ, அங்கதான் வீடு. அப்போ சித்திரை மாசம். செவலை நேரா கண்மாய்ப் பள்ளத்துல போய் தொப்புனு படுத்துச்சு. அங்கயே குடிசை போட்டாங்க. அப்புறம் ஐப்பசி மழை. சலசலன்னு தண்ணி அடுப்புக்குள்ள பூந்து, மேல மேல ஏறி...

"அய்யோ, பாப்பா?"

பாப்பாவத் தலைமேல தூக்கிட்டா. ஒண்ணும் ஆகல, படு.

மறு சித்திரையில திரும்ப அவுத்து விட்டாங்க. இந்தத் தடவை ஓடைக்கரை. ஐப்பசியில ஓடை திடுதிடுன்னு வந்து குடிசைய உருட்டிட்டுப் போயிருச்சு. தொட்டில் சேலையும் போச்சு. நல்லவேளை, புள்ள அவ இடுப்புல இருந்துச்சு.

மூணாவது வருசமும் செவலை ஒரு பள்ளமாப் பாத்துத்தான் படுத்துச்சு. அங்கயும் குடிசை போட்டாச்சு. ஐப்பசி பிறந்து வானம் கறுக்கவும் இருளாயி தொட்டிலையே பாத்துக்கிட்டு நின்னா. இந்தத் தடவை தண்ணி வரும்போது புள்ள தொட்டில்ல கிடந்தா?

"ஏய்யா, வெயில்ல மாடு குளுமையத் தேடித்தான படுக்கும்? பள்ளத்துலதான குளுமை? மழையிலதான அவுத்து விடணும்!"

"மழையில மாட்ட அவுத்தா நாடே சிரிக்கும்டி."

"சிரிக்கிறவங்களா வந்து எம்புள்ளையத் தூக்கப் போறாங்க?"

சடசடன்னு மழை பிடிச்சுது. அவ புள்ளைய மாரோட கட்டிக்கிட்டு, கயித்த அவுத்துட்டு, பசு பின்னாலயே நடந்தா. கண்மாய்ப் பக்கம் போகல. ஓடைப் பக்கம் போகல. நடுவுல ஒரு சரளை மேடு, வெயில்ல கொதிக்கிற கல்லு, ஒருத்தரும் ஏறமாட்டாங்க. செவலை அதுல ஏறி, மோந்து பாத்து, மெதுவா கால மடக்கிப் படுத்துச்சு. ம்?

"ம்..."

விடிஞ்சா சுத்திலும் தண்ணி. மேட்டுல ஒரு சொட்டு நிக்கல. வெயிலான் இடுப்பளவு தண்ணியில தபதபன்னு வந்து ஏறினான். பின்னாடியே எல்லாரும் ஏறினாங்க. வெயிலான் சொன்னான்:

"தண்ணி வடியட்டும், இறங்கிருவோம். இங்க ஒரு புல்லுகூட முளைக்காது."

இருளாயி ஒரு கல்ல எடுத்து ணங் ணங்னு முளைக்குச்சி அடிச்சு, பசுவக் கட்டினா. மூணு கல்லக் கூட்டி அடுப்பு வச்சா. அப்புறம் புருசன் பக்கம் திரும்பினா.

"நானும் எம்புள்ளையும் இறங்கமாட்டோம். சோறு வேணும்னா தினமும் இங்க ஏறி வாய்யா."

அப்படித்தான் அந்த மேட்டுல ஊரு வந்துச்சு. அவ்வளவுதான் கண்ணு. பசுவும் படுத்துருச்சு, கதையும் படுத்துருச்சு. கண்ண மூடு.