முதல் இலை

"அம்மா, இந்தச் சட்டமும் செல்லாதுன்னு சொன்னீங்கன்னா, சாவிக்கொத்தைக் கழற்றி வெச்சுட்டுப் போயிடுவேன்!"

ஏகாம்பரம் கையிலிருந்த பலகையை ஆட்டினார். அன்னதான மடத்தை நிர்வகிக்கும் சீடர் அவர். தலை நரைத்துவிட்டது. பொறுமை அதற்கு முன்பே போய்விட்டது.

மடத்துத் தலைவி ஞானாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாசல் கல் என்ன சொல்லுது?"

போச்சுடா, என்று நினைத்தார் ஏகாம்பரம். எதைக் கொண்டுவந்தாலும் இந்தக் கல்தான். மடத்தைத் தொடங்கியவர் அதில் ஒரே ஒரு வரி வெட்டிவைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு யார் என்ன சட்டம் போட்டாலும் அந்த வரிக்கு அடங்கித்தான் ஆக வேண்டும்.

"பசித்து வந்தவரிடம் எதுவும் கேட்காதே, சோறு போடு." பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பித்தார்.

"உன் சட்டம்?"

"ஊரும் பேரும் சொன்னவருக்கே இலை."

"இடிக்குதே."

"எங்கேம்மா இடிக்குது? நாம கேட்கவே போறதில்லை. பலகையைப் பார்த்து அவங்களா சொல்லப்போறாங்க! வாராவாரம் செம்பு காணாமப் போகுது. அந்தக் கல்லா வந்து தேடும்?"

ஞானாம்பாள் சிரித்துவிட்டார்.

"சரி, மாட்டு. வழக்கம் தெரியுமில்ல?"

தெரியும். புதுச் சட்டம் போட்டவர் முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து, முதலில் தானே அதற்கு உட்பட வேண்டும். அப்புறம்தான் அது செல்லும்.

இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருடம் தொண்டை வறளக் கத்தினோம்? ஏகாம்பரம் ஓடிப்போய்ப் பலகையை மாட்டினார்.

மதியம் பந்தி நிரம்பியது. பலகையைப் படித்த ஒருத்தி மட்டும் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள். செம்புத் திருடி இவளாகத்தான் இருக்கும், என்று நினைத்துக்கொண்டு அவர் முதல் இலையில் சம்மணம் போட்டார்.

ஞானாம்பாளே சோற்றுக் கரண்டியுடன் வந்தார்.

"பேர்?"

"ஏகாம்பரம்."

"அது நான் வெச்ச பேர். இங்க வந்த அன்னிக்கு இருந்த பேர்?"

ஏகாம்பரம் நிமிர்ந்தார்.

"அம்மா, எல்லாரும் இருக்காங்க..."

"ஊர்?"

ஏகாம்பரத்தை வெட்டத் தேடியவர்கள் அந்த ஊரில் இன்னும் இருந்தார்கள். அன்றைக்கு இதே வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றபோது, யாரும் எதுவும் கேட்கவில்லை.

கரண்டி இலைக்கு மேலே அப்படியே நின்றது. பந்தி முழுக்க அவரையே பார்த்தது. கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"பசிக்குதும்மா," என்றார்.

ஞானாம்பாள் சோற்றைப் போட்டார்.

ஏகாம்பரம் அதைத் தொடவில்லை. எழுந்து வாசலுக்கு ஓடினார்.

"உள்ள வாம்மா," என்றார். "இலை போட்டாச்சு."