பத்தொம்பது நாலு எழுபத்தாறு

யாரு சார் வேஸ்ட் பண்ணினா? "ஆறு வாரம் ஆஸ்பத்திரியில கையப் புடிச்சுக்கிட்டு நின்னா நீட்ல மார்க் வருமா"ன்னு கோச்சிங் கிளாஸ்ல அத்தன பேரும் சிரிக்கக் கேட்டீங்கல்ல, தயாபரன் சார்? ஆமா, புடிச்சேன். யார் கைய, எப்பிடின்னு கேட்டுட்டுப் போங்க. கதவ மறிச்சுத்தான் நிக்கேன்.

டாக்டருக்குப் படிக்கதுக்கு முன்னாடி நோயாளியக் கிட்டப் பாக்கணும்னு ஆஸ்பத்திரிக்கு நானே எழுதிக் கேட்டு, பொம்பளைங்க வார்டுக்குள்ள போனேன். அங்க ரோஸ்லின் சிஸ்டர் எனக்கு ஒரே ஒரு வேலதான் குடுத்தாங்க. நாடி புடிச்சு எண்ணணும். முழுசா ஒரு நிமிஷம்.

ஒரு வாரம் ஒழுங்கா எண்ணினேன். அப்புறம் நம்ம புத்தி வந்துட்டு. பதினஞ்சு செகண்ட் எண்ணு, நாலால பெருக்கு. நீங்க பழக்கின வேகம்தான்.

மூணாவது வாரம், எட்டாம் பெட்ல முத்துப்பேச்சி அக்கா. வீட்டுல ரெண்டு தடவ மயங்கி விழுந்தவங்க. ஈசிஜி நல்லாருக்கு, ரத்தம் நல்லாருக்கு, மத்தியானம் வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. நான் பத்தொம்பது எண்ணிட்டு எழுபத்தாறுன்னு எழுதினேன்.

சிஸ்டர் பாத்துட்டாங்க. "நாச்சியாரு, முழுசா எண்ணலியே."

"எதுக்கு சிஸ்டர்? பத்தொம்பது நாலு எழுபத்தாறு. அஞ்சாங்கிளாஸ் புள்ள சொல்லும்."

"எண்ணு."

"எண்ணினாலும் அதேதான் வரும்."

"வரட்டும். எண்ணு."

அக்கா கட்டப்பைய மடியில வச்சுக்கிட்டு, "சண்டய சீக்கிரம் முடிங்க தாயி, ஒன்றர பஸ்ஸ விட்டா நாலு மணிக்குத்தான்"ன்னாங்க.

சிஸ்டர் சட்டையில குத்தியிருந்த வாட்சக் கழட்டி என்கிட்ட நீட்டினாங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு எண்ணினேன். பதினஞ்சு செகண்ட்ல பத்தொம்பது. முப்பதுல முப்பத்தெட்டு. 'பாத்தீங்களா'ன்னு சிஸ்டர ஒரு மொற மொறச்சேன்.

நாப்பதாவது செகண்ட். விரலுக்கு அடியில ஒண்ணுமே இல்ல.

புடி நழுவிட்டோன்னு அழுத்திப் பாத்தேன். இல்ல. வாட்ச் ஓடுது, நாடி ஓடல. அக்காவுக்குக் கண்ணு சொருகுது. நாலு செகண்ட். அஞ்சு. அப்புறம் டம்முன்னு ஒண்ணு.

நான் கத்தின கத்துல டாக்டரே ஓடி வந்தாரு.

அக்கா அந்த பஸ்ல ஏறல. மானிட்டர் மாட்டினாங்க, சாயந்தரம் அதுலயும் நாடி நின்னு வந்துச்சு. நாலாம் நாள் பேஸ்மேக்கர் வச்சாங்க. வீட்டுக்குப் போகும்போது என் கன்னத்த வழிச்சு நெட்டி முறிச்சாங்க சார். எனக்கு! எழுபத்தாறுன்னு எழுதினவளுக்கு!

அன்னைக்குத்தான் வாட்சத் திருப்பிக் குடுத்துட்டு, சிஸ்டர்கிட்ட கேட்டேன். "நாடி நிக்கும்னு உங்களுக்கு எப்பிடி முன்னாடியே தெரிஞ்சுது?"

சிஸ்டர் வாட்ச சட்டையில குத்திக்கிட்டே சொன்னாங்க. "எனக்கு எங்க தெரியும்? தெரிஞ்சிருந்தா உன்ன எதுக்கு எண்ணச் சொல்றேன்?"

அடுத்த பெட்டுக்குப் போயி முழுசா ஒரு நிமிஷம் எண்ணினேன். நான், சார்!

ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்னு தெனமும் கத்துறீங்களே. நாளைக்குக் காலையில போர்டு முன்னாடி நின்னு, சிரிச்ச முப்பத்திரண்டு பேருக்கும் கேக்குற மாதிரி நீங்களே சொல்லுங்க: எட்டாம் பெட்ல நான் நின்ன அந்த ஒரு நிமிஷம் வேஸ்ட்டா?