கோலை முறிக்கலாமா?

தங்களுக்கென்று தனி நாடாளுமன்றம் வேண்டும் என்று அயர்லாந்து மக்கள் லட்சக்கணக்கில் திரண்ட காலம் அது. கல்லெறியக் கூடாது, கை ஓங்கக் கூடாது என்பது இயக்கத்தின் கட்டளை. குடிக்கவும் கூடாது. பலருக்கு அதுதான் கஷ்டம்.

கில்பிராக் என்ற ஊரில் இயக்கப் பொறுப்பாளர் கார்மக். பொறுப்புக்கு அடையாளமாக அவர் கையில் ஒரு வெள்ளைக் கோல் இருக்கும். கடற்கரையில் இயக்கம் ஏற்பாடு செய்த பெரிய கூட்டத்துக்கு ஊரே குழந்தை குட்டிகளோடு கிளம்பியபோது, தேவாலய வாசலில் அவர் வாக்குக் கொடுத்தார்.

"அடி விழுந்தா முதல்ல என் மேல விழட்டும். வீடு திரும்புற வரைக்கும் உங்களுக்கு முன்னால நான்தான் இருப்பேன். தவறினா இந்தக் கோலை முறிச்சுப் போடுங்க."

பாதி வழியில் இயக்கத்தின் தூதுவன் குதிரையில் எதிரே வந்தான். "கூட்டத்துக்குத் தடை போட்டுட்டாங்க. கடற்கரையில பீரங்கி நிக்குது. எல்லாரும் திரும்பிடுங்க."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குப் பின்னாலேயே பட்டாளத்துக் குதிரைகள் வந்துவிட்டன. இருபுறமும் முள்வேலி போட்ட ஒடுக்கமான பாதை. கார்மக் கோலை உயர்த்தித் திரும்பச் சொன்னார். நின்ற இடத்திலேயே எல்லோரும் திரும்பினார்கள். கடைசியில் வந்துகொண்டிருந்த முரசுக்காரர் லோர்கன் இப்போது முதல் ஆளானார். கடைசிக் குழந்தையும் பாதையின் வளைவைத் தாண்டும்வரை, குதிரைகளுக்கு எதிரே நின்ற கார்மக் அசையவில்லை. பிறகுதான் மெல்ல நடந்தார்.

ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஊர் எல்லையைத் தொட்டதும் கைக்குழந்தைக்காரி ஊனா நடுத்தெருவில் உட்கார்ந்து நிம்மதியாக அழுதாள்.

லோர்கனுக்கோ வெகுநாளாக அந்தக் கோலின் மேல் ஒரு கண். "ஊருக்குள்ள முதல்ல வந்தது நான். இவர் கடைசி. வாக்கு என்ன ஆச்சு?"

"சொன்னது சொன்னதுதான்" என்று கார்மக் கோலை நீட்டினார். கோல் போனால் பொறுப்பும் போகும். அரசாங்கக் கோர்ட்டுக்குப் போகாமல் வழக்கை ஊரே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் இயக்கத்தின் ஏற்பாடு. ஊர் கூடியது.

நீங்கள் அங்கே இருந்திருந்தால் கோலை முறித்திருப்பீர்களா?

விடை: முறிக்கக் கூடாது. வாக்குக் கொடுத்ததே அடியை முதலில் தாங்குவதற்காக. ஊனாதான் ஊரைப் பார்த்துக் கேட்டாள்: "அடி எந்தப் பக்கத்துல இருந்து வர இருந்துச்சு? குதிரை நின்ன பக்கம். அந்தப் பக்கம் பார்த்தா எங்க எல்லாருக்கும் முன்னால நின்னது யாரு?"

ஊர் கார்மக்கைப் பார்த்தது. அவர் கையிலேயே கோல் இருந்துவிட்டது.

"அப்போ நான் முதல்ல வந்தது?" என்றார் லோர்கன்.

"நீங்க முதல்ல ஓடி வந்தீங்க" என்றாள் ஊனா. லோர்கனே சிரித்துவிட்டார்.