முகம் தெரியாத கண்ணாடி

ஆற்றோரக் காட்டில் வனமோகினி என்றொரு காட்டுப்பன்றி இருந்தாள். முகத்துக்கு மஞ்சள் மண் பூசி, கண்ணுக்குக் கரி தீட்டிக்கொள்ளாமல் அவள் கிழங்கு தோண்டக்கூடப் போகமாட்டாள். குளத்து நீரில்தான் முகம் பார்ப்பாள். பாதி ஒப்பனையில் எருமைகள் வந்து தண்ணீரைக் கலக்கிவிடும்.

ஒருநாள் சந்தை வண்டியிலிருந்து விழுந்த பெரிய கண்ணாடித் துண்டு ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு மரங்கொத்தி செங்கொண்டையிடம் போனாள். மரவேலையில் அவனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை.

"இதற்குச் சட்டம் போட்டு, மேசைமேல் நிற்கிற மாதிரி செய்து கொடு. பௌர்ணமியன்று என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நான் லட்சணமாக இருக்க வேண்டும்" என்றாள்.

செங்கொண்டை தேக்கில் மெல்லிய சட்டம் செய்து, பின்னால் ஒரு கால் வைத்து நிறுத்தினான். முகம் முழுதும் பளிச்சென்று தெரிந்தது. அவனுக்கே மனம் நிறைந்துவிட்டது.

வனமோகினியின் தோழி மைனா, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மொட்டையாக இருக்கிறதே. மேலைக் காட்டில் எல்லாரும் கொடி செதுக்கிய சட்டம்தான் வைத்திருக்கிறார்கள்."

"அப்படியா? அப்போ கொடி செதுக்கு" என்றாள் வனமோகினி.

கொடி செதுக்க அகலமான பலகை வேண்டும். பலகை கண்ணாடியின் ஓரத்தை மறைத்தது. அடுத்த வாரம் கொடிக்குப் பூ வேண்டும் என்றார்கள். பூ வந்ததும் பூவைக் கொத்தக் கிளி வேண்டும் என்றார்கள். கிளிகள் வந்தபின், இரு பக்கமும் யானை நின்றால் கம்பீரமாக இருக்கும் என்றாள் மைனா.

"அம்மா, கண்ணாடி…" என்று செங்கொண்டை இழுத்தான்.

"உன் அலகில் என்ன வேலைப்பாடு!" என்றாள் மைனா. பார்க்க வந்த முயல்களும் மான்களும் வாயைப் பிளந்தன. செங்கொண்டை யானைகளையும் செதுக்கினான். நடுவில் நெல்லிக்காய் அளவுக்குக் கண்ணாடி மிச்சம் இருந்தது.

பௌர்ணமி வந்தது. விடிந்ததும் வனமோகினி அதன்முன் உட்கார்ந்தாள். ஒரு கண் தெரிந்தால் மறு கண் தெரியவில்லை. எங்கே பூசினோம் என்று தெரியாமல் பூசிய இடத்திலேயே மறுபடி மஞ்சள் மண்ணைப் பூசினாள். கண்ணுக்கு இழுத்த கரி கன்னத்துக்குப் போனது, நெற்றிக்கும் ஏறியது.

"எப்படி இருக்கிறேன்?"

"கண்ணாடியே இவ்வளவு அழகு என்றால் அதில் பார்த்து அலங்கரித்த முகத்தைக் கேட்கவா வேண்டும்?" என்றாள் மைனா, யானைகளிடமிருந்து கண்ணை எடுக்காமலே.

பிள்ளை வீட்டுப் பன்றிகள் கிழங்குகளோடு வந்து நின்றன. புதரை விலக்கிக்கொண்டு மஞ்சள் முகம் ஒன்று வெளியே வந்தது. அதில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள்.

"புலி!" என்று மாப்பிள்ளை அலறினான்.

கிழங்குகளைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். ஓடியவர்களில் மகளும் ஒருத்தி.

"சம்பந்தி, நில்லுங்கள்" என்று வனமோகினி துரத்த, அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். மூச்சு வாங்கிக் குளக்கரையில் நின்றவள் தண்ணீரைப் பார்த்தாள். உள்ளே ஒரு புலி. அவளும் ஒரு முழம் துள்ளிப் பின்னால் விழுந்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே செங்கொண்டையிடம் வந்தாள். "சம்பந்தம் போயிற்று. இதில் முகம் தெரியாது என்று உனக்குத் தெரியாதா?"

"தெரியும், அம்மா."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

செங்கொண்டை தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாரும் என் வேலையைப் புகழ்ந்தார்கள். வாயைத் திறந்தால் அது நின்றுவிடுமோ என்று பயந்தேன்."

ஒரு பொருள் எதற்காக என்பதை மறந்து அலங்காரம் சேர்ப்பவர் அவமானப்படுவார். அது தெரிந்தும் புகழுக்கு மயங்கி வாய்மூடி இருப்பவருக்கும் அந்த அவமானத்தில் பங்கு உண்டு.