முட்டுக்கட்டை

தேர்த் திருவிழா அன்று காலையில், ஆழியூர்க் குடியரசின் அதிபர் அறவாழி தன் குரு மெய்யம்மையைப் பார்க்க வந்தார். காவலர்களை வாசலோடு நிறுத்திவிட்டார். பந்தா குருவுக்கு ஆகாது.

ராஜா போன பிறகு ஆழியூரை மக்கள் பிரதிநிதிகளின் அவை ஆண்டது. மழைக்கு ஓர் அரசு, வெயிலுக்கு ஓர் அரசு என்று கவிழ்ந்தபடியே இருந்தது. சலித்துப்போன ஜனங்கள் சட்டத்தைத் திருத்தி, அதிபரைத் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ராஜாவிடம் பட்ட பாடு மறக்குமா? அன்றாட ஆட்சியை அவை நம்பும் பிரதமரிடமே விட்டுவைத்தார்கள். இப்போதோ அவை எதிர்க்கட்சியின் கையில். பிரதமர் பூங்கோதையும் அந்தக் கட்சிதான்.

"எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுறாங்கம்மா. அவையைக் கலைக்க எனக்குச் சட்டத்துல இடம் இருக்கு. நாளைக்குக் கையெழுத்துப் போடப்போறேன். ஆசி கொடுங்க."

"என்ன போடுறாங்க?"

"முட்டுக்கட்டை."

"வா, வடம் பிடிக்கலாம்" என்று மெய்யம்மை எழுந்தார்.

அதிபரைக் கண்டதும் கூட்டம் வழிவிட்டு அவரை முன்னால் நிறுத்தியது. வடத்தைப் பிடித்ததும் அறவாழிக்குச் சின்னப் பிள்ளை போல உற்சாகம் வந்துவிட்டது. மூச்சைப் பிடித்து இழுத்தார். தெருமுனை வந்தது கூடத் தெரியவில்லை. தேர் நேராகப் பூக்கடையைப் பார்த்துப் போனது. ஜனங்கள் கத்தினார்கள்.

சக்கரத்தோடு நடந்து வந்த ஒருவர் குனிந்து கட்டையைச் செருகினார். தேர் முனகியது, குலுங்கியது, மெல்லத் திரும்பி அடுத்த தெருவைப் பார்த்து நின்றது. அவர் கட்டையை உருவிக்கொண்டு, இழுக்கச் சொல்லிக் கை காட்டினார்.

அந்தக் கட்டைக்கு என்ன பெயர் என்று அறவாழி யாரையும் கேட்கவில்லை.

தேர் நிலைக்கு வந்த பிறகு குருவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மனசு லேசாகியிருந்தது.

"கையெழுத்துப் போடலைம்மா. ஆனா பூங்கோதையம்மா சும்மா இருக்க மாட்டாங்களே?"

"நேத்து பூங்கோதையும் வந்தா. நீ கண்மண் தெரியாம இழுத்துட்டு ஓடுறியாம். உன் அதிகாரத்தைப் பறிக்கத் தீர்மானம் கொண்டுவரணும்னு ஆசி கேட்டா."

"கொடுத்தீங்களா?"

"தேருக்கு வடம் கட்ட ஆள் பத்தலைன்னு அவளை அனுப்பி வச்சேன்" என்றார் மெய்யம்மை. "இன்னைக்கு நீ இழுத்தியே, அது அவ போட்ட முடிச்சுதான்."