மகாராஜா முதலில் உட்கார வேண்டிய பழைய கார்

குன்றக்குறிச்சி சமஸ்தானம் ரொம்பச் சின்னது. மகாராஜா அரண்மனையில் தும்மினால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் "நூறாயுசு" என்பான். ஆனாலும் மகாராஜா மகாராஜாதானே! பெயர் மார்த்தாண்ட பூபதி.

அவருடைய பட்டத்து யானைக்கு முழங்கால் வலி வந்தது. இனி அது யாரையும் சுமக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். "சரி, ஒரு கார் வாங்குங்கள்" என்றார் மகாராஜா.

அரண்மனை ஜோசியர் பதறினார். "தங்கள் ஜாதகத்துக்குப் புது வாகனம் ஆகாது பிரபு! வேறொருவர் ஓட்டிய பழைய கார்தான் ஆகும்."

இதைக் கேட்டதும் தளபதி உக்கிரசேனர் துள்ளி எழுந்தார். அவரிடம் ஒரு பெரிய டீசல் வண்டி இருந்தது. தினமும் காலையில் நாலு சிப்பாய்கள் தள்ளினால்தான் கிளம்பும். அதை யார் தலையில் கட்டலாம் என்று இரண்டு வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

"என் வண்டியே இருக்கிறதே மகாராஜா! பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது."

வண்டி முற்றத்துக்கு வந்தது. அதாவது, தள்ளிக்கொண்டு வந்தார்கள். மகாராஜாவுக்கு யோசனை சொல்லும் சிட்டையன் கதவைத் திறந்து குனிந்து பார்த்தான்.

"தளபதியாரே, பிரேக் பெடலில் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்துவிட்டதே. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரும் பிரேக் மேலேயே ஏறி நின்று ஓட்டினீர்களா?"

சபை சிரித்தது. சிட்டையன் மகாராஜா பக்கம் திரும்பினான்.

"நம் கடைவீதியின் அகலம் எட்டடி. இந்த வண்டி நுழைந்தால் ஒரு பக்கம் வளையல் கடையும் மறுபக்கம் அல்வாக் கடையும் கூடவே வரும். நமக்குச் சின்ன பெட்ரோல் எஞ்சின் வைத்த சின்னக் கார் போதும் மகாராஜா."

தளபதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பழைய கார் என்றால் அந்த சீட்டில் கண்டவனும் உட்கார்ந்திருப்பானே! அதில் மகாராஜா உட்காரலாமா?"

மகாராஜாவின் முகம் மாறியது. "அட, ஆமாம்! என் சிம்மாசனத்தில் எனக்கு முன்னால் யாராவது உட்கார விடுவேனா?"

"என் வண்டியில் நான் மட்டும்தான்..."

"நீர் உட்கார்ந்தாலும் உட்கார்ந்ததுதான்! பழைய கார் வேண்டும். ஆனால் அதன் சீட்டில் இதுவரை யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. இது என் ஆணை!"

"சீட்டை மட்டும் புதிதாக மாற்றிவிடலாமே" என்றான் சிட்டையன்.

"புது சீட்டும் புதுசுதான். ஆகவே ஆகாது" என்றார் ஜோசியர்.

தளபதி மீசையைத் தடவினார். "சின்னக் கார் என்று சொன்னவரே கொண்டுவரட்டும். மூன்று நாள் அவகாசம். முடியாவிட்டால் சபையில் அவர் நாற்காலி என் மைத்துனனுக்கு!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் மகாராஜா.

சிட்டையன் ஊர் ஊராக அலைந்தான். "யாரும் உட்காராமல் எப்படி ஐயா ஓட்டுவது? வெளியே தொங்கிக்கொண்டா?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஒரு தோட்டத்துக்காரர் மட்டும், "என் கார் மூணு வருஷமா கொட்டாயிலதான் கெடக்கு. கோழிதான் உட்காருது" என்றார். கோழியை ஆள் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று சிட்டையன் அரை நாள் யோசித்தான். அதற்குள் அந்தக் கோழி பின்சீட்டில் ஏழு குஞ்சு பொரித்துவிட்டது.

மூன்றாம் நாள் கீழ்த்தெருவில் சௌந்தரவல்லி டீச்சர் வீட்டுக்குப் போனான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வாசலில் பதினாலு வருஷத்து சிவப்புக் கார் நின்றது. எண்ணூறு சிசி பெட்ரோல் எஞ்சின். டீச்சர் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. புகைக்குழாய்க்குப் பின்னால் தன் வெள்ளை அங்கவஸ்திரத்தைப் பிடித்துப் பார்த்தான். கறை இல்லை. பிறகு உள்ளே எட்டிப் பார்த்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன சிரிப்பு? எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்று அதட்டினார் டீச்சர்.

"அம்மா, இப்பவே அரண்மனைக்குப் புறப்படுங்க!"

சிவப்புக் கார் முற்றத்தில் வந்து நின்றது. டீச்சர் இறங்கினார். தளபதி கைதட்டிச் சிரித்தார்.

"இந்த அம்மா உட்கார்ந்துதானே ஓட்டி வந்தார்! சிட்டையரே, நாற்காலியைக் காலி செய்யும்!"

சிட்டையன் பணிவாகக் கேட்டான். "டீச்சரம்மா, இந்தக் கார் சீட்டில் நீங்கள் எப்போதாவது உட்கார்ந்ததுண்டா?"

"சீட்லயா? யாராவது சீட்ல உட்காருவாங்களா? அழுக்காயிடாது?" என்றார் டீச்சர். "கடையிலேர்ந்து வந்தப்ப போட்டிருந்த பிளாஸ்டிக் கவரை இன்னிக்கு வரைக்கும் நான் பிரிக்கலையே! எல்லாரும் கவர் மேலதான் உட்கார்ந்தோம்."

மகாராஜா ஓடி வந்து பார்த்தார். நாலு சீட்டிலும் பிளாஸ்டிக் கவர் பளபளத்தது. அவர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காது வரை இறங்கிவிட்டது.

"பலே! இதுதான் என் கார்! பிரியுங்கள் கவரை!" என்று கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்றார் டீச்சர்.

மகாராஜா சடக்கென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கவரைப் பிரிக்கிறவங்களுக்கு நான் காரைக் கொடுக்கிறதா இல்ல."

தளபதிக்கு மறுபடி உயிர் வந்தது. "கவரைப் பிரிக்காமல் மகாராஜா எப்படி சீட்டில் உட்காருவார்? சொல்லும் ஐயா, சொல்லும்!"

"உட்காரக் கூடாதே!" என்றான் சிட்டையன். "இந்த சீட்டில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது மகாராஜாவின் ஆணை. அதை மகாராஜாவே மீறலாமா?"

மகாராஜா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு பின்சீட்டில், கவர் மேல், சரசரவென்று நகர்ந்து உட்கார்ந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஜன்னல் வழியாக சிட்டையனுக்குப் போட்டார்.

டீச்சர் மாலையைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல மாலை. இதுக்கும் ஒரு கவர் போட்டு வெச்சுக்கோங்க."